விஎம்முக்குள் பழைய கிராபிக்ஸ் மென்பொருள்: எங்கெங்கே சறுக்குகிறது

விண்டோஸ் 98, எக்ஸ்பி காலத்து விளையாட்டோ முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளோ இன்றைய கணினியில் ஓடாவிட்டால், பலரும் உடனே ஒரு விர்ச்சுவல் மெஷின் (விஎம்: கணினிக்குள் மென்பொருளாலேயே உருவாக்கப்படும் இன்னொரு கணினி) அமைத்து அதில் பழைய விண்டோஸை நிறுவிவிடுகிறார்கள். விண்டோஸ் ஒழுங்காக எழுந்து வரும், மென்பொருளும் தகராறு இல்லாமல் நிறுவப்படும். திறந்த பிறகுதான் கறுப்புத் திரையோ, டைரக்ட்3டி (விண்டோஸில் 3டி படங்களை வரையும் வழி) இல்லை என்ற செய்தியோ, நத்தை வேகமோ வந்து நிற்கும்.

முதல் தவறு கார்டைப் பற்றிய நினைப்பில் இருக்கிறது. வெளியே எவ்வளவு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இருந்தாலும் உள்ளே உள்ள எக்ஸ்பிக்கு அது தெரியாது. விஎம் அதற்கு ஒரு கற்பனைக் கார்டைத்தான் காட்டுகிறது. அந்தக் கார்டுக்கு, அந்த விண்டோஸ் பதிப்புக்கென்றே எழுதப்பட்ட டிரைவர் 3டி கட்டளைகளை வாங்கி வெளியே அனுப்பினால் மட்டுமே உண்மையான கார்டு வேலை செய்யும். ஆகவே வீடியோ நினைவகத்தை 16 எம்பியிலிருந்து 128க்கு ஏற்றிப் பார்ப்பதால் மட்டும் 3டி வந்துவிடாது.

வேலை செய்கிறதா என்று ஊகிக்க வேண்டாம். எக்ஸ்பிக்குள் ரன் பெட்டியில் டிஎக்ஸ்டயாக் (dxdiag) கொடுத்து, டிஸ்ப்ளே பக்கத்தில் டைரக்ட்டிரா (இருபரிமாணத்துக்கானது), டைரக்ட்3டி இரண்டும் இயங்குநிலையில் உள்ளனவா என்று பாருங்கள். டைரக்ட்3டிக்கு மாற்றான ஓபன்ஜிஎல்லைப் பயன்படுத்தும் மென்பொருளானால், ஓபன்ஜிஎல் விவரம் காட்டும் ஏதாவது ஒரு கருவியில் ரெண்டரர் பெயரைப் பாருங்கள். ‘ஜிடிஐ ஜெனரிக்’ என்றும் பதிப்பு 1.1.0 என்றும் இருந்தால் எல்லாவற்றையும் பிராசசரே வரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

விஎம் தேவைதானா?

இதைக் கேட்காமல் தொடங்குவதால்தான் நேரம் அதிகம் வீணாகிறது. பேஜ்மேக்கர் 7 போன்ற இருபரிமாண மென்பொருளுக்கு 3டி முடுக்கமே வேண்டாம். எந்த விஎம்மிலும் அது ஓடும். பழைய விளையாட்டுகள் பலவற்றுக்கோ விஎம்மே வேண்டாம். டிஜிவூடூ 2 என்ற இலவசக் கருவி டைரக்ட்எக்ஸ் (டைரக்ட்டிரா, டைரக்ட்3டி அடங்கிய தொகுப்பு) 1 முதல் 9 வரையிலான அழைப்புகளையும், 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் பழைய வூடூ கார்டுகளுக்கான கிளைடு அழைப்புகளையும் டைரக்ட்3டி 11 அல்லது 12க்கு மாற்றித் தருகிறது. விண்டோஸ் 10, 11இல் நேரடியாகப் பயன்படுத்தலாம். அதன் டிஎல்எல் (நிரல்கள் துணைக்கு எடுத்துக்கொள்ளும்) கோப்புகளை விளையாட்டின் இஎக்ஸ்இ இருக்கும் கோப்புறையிலேயே வைக்க வேண்டும். உங்கள் விண்டோஸ் 64 பிட் என்பதற்காக 64 பிட் டிஎல்எல்லை எடுத்து வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. விளையாட்டு 32 பிட் என்றால் டிஎல்எல்லும் 32 பிட்டாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த மாற்றமும் தெரியாது, பிழைச்செய்திகூட வராமல் போகலாம். இதே கருவியை எக்ஸ்பி விஎம்முக்குள் போடுவதும் வீண்: எக்ஸ்பியில் டைரக்ட்3டி 11 கிடையாது.

‘நிறுவவே முடியவில்லையே’ என்பவர்களின் சிக்கல் வேறு. விளையாட்டு 32 பிட்டாக இருக்கும், அதன் நிறுவி 16 பிட்டாக இருக்கும். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலை ஓட்டாது. 3டி எதுவும் இல்லாத சாதாரண எக்ஸ்பி விஎம்மில் நிறுவி, கோப்புறையை அப்படியே வெளியே நகலெடுத்துக்கொள்ளலாம். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில்) நிறுவி எழுதிய பகுதியையும் ஏற்றுமதி செய்து கொண்டுவர மறக்காதீர்கள். 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்களுக்கான சாஃப்ட்வேர் பதிவுகள் ‘வாவ்6432நோடு’ (Wow6432Node) என்ற கிளைக்குள் போக வேண்டும். நேராக இறக்கினால் விளையாட்டு தன்னையே நிறுவப்படாததாக நினைத்துக்கொள்ளும்.

எக்ஸ்பி

புதிய பதிப்புதான் நல்லது என்ற பழக்கம் இங்கே காலை வாரும். விஎம் அமைக்கும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் 6.1 (டிசம்பர் 2019) பழைய 3டி முறையைக் கைவிட்டது. அதிலிருந்து எக்ஸ்பிக்குள் 3டி இல்லை. அமைப்புப் பக்கத்தில் 3டி பெட்டியை டிக் செய்தாலும் பயனில்லை. 6.0 வரையிலான பதிப்புகளில் இருந்த டைரக்ட்3டி ஆதரவை, எக்ஸ்பியை சேஃப் மோடில் துவக்கித்தான் கெஸ்ட் அடிஷன்ஸ் (விஎம்முக்குள் நிறுவும் டிரைவர் தொகுப்பு) வழியாக நிறுவ வேண்டியிருந்தது. சாதாரண நிலையில் நிறுவினால், மாற்றப்பட்ட கணினிக் கோப்புகளை விண்டோஸே பழையபடி திருப்பி வைத்துவிடும்.

இன்று எக்ஸ்பி 3டிக்கு விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் என்ற விஎம் மென்பொருளே சிரமம் குறைந்த வழி. 2024 நவம்பரிலிருந்து அது எல்லோருக்கும் இலவசம். அங்கேயும் ஒரு கண்ணி உண்டு: அதன் டிரைவர் தொகுப்பான விஎம்வேர் டூல்ஸின் புதிய பதிப்பு எக்ஸ்பியில் ஏறாது. விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸ்களுக்காக 10.0.12 பதிப்போடு நிறுத்திவைக்கப்பட்ட தனி ஐஎஸ்ஓவைத்தான் சிடியாக இணைத்து நிறுவ வேண்டும். டூல்ஸ் இல்லாமல் எக்ஸ்பி ஓடும், 3டி மட்டும் இருக்காது.

இதெல்லாம் சரியான பிறகும் ‘டி3டிஎக்ஸ்9’ என்று தொடங்கும் ஒரு டிஎல்எல் இல்லை என்று செய்தி வந்தால், அது கார்டின் குற்றமல்ல. 2010 ஜூன் மாத டைரக்ட்எக்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். ஒற்றை டிஎல்எல் தரும் தளங்கள் பக்கமே போக வேண்டாம்.

விண்டோஸ் 98

இங்கே தாராளம்தான் பகை. 512 எம்பிக்கு மேல் ரேம் கொடுத்தால் வட்டுத் தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் அதன் விகேஷ் பகுதி முகவரி இடத்தை விழுங்கிவிட்டு, நினைவகம் போதவில்லை என்று புலம்பும். 256 எம்பி ரேமும் ஒரே ஒரு பிராசசர் கோரும் போதும். 98க்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசரைப் பயன்படுத்தவே தெரியாது. புதிய ரைசன்களிலும், இன்டெல் 11ஆம் தலைமுறை முதலும் நிறுவும்போதே காரணமில்லாமல் பிழைப் பெட்டிகள் குவிந்தால் அமைப்புகளைக் குடைய வேண்டாம். நினைவகப் பக்கங்களைக் கையாளும் 98இன் பழைய குறை இந்த பிராசசர்களில் வெளிப்படுகிறது. பேட்சர்9எக்ஸ் என்ற திருத்தியை ஓட்டினால் தீரும்.

98இல் வூடூ கார்டு கேட்கும் விளையாட்டு என்றால் விஎம்மை விட்டுவிட்டு 86பாக்ஸ் போன்ற எமுலேட்டருக்குப் போவதே எங்கள் பரிந்துரை. அது பழைய பென்டியத்தையும் வூடூவையும் மென்பொருளாலேயே உருவாக்குகிறது. அதற்கான பயாஸ் ரோம்களை (பழைய கணினிகளின் துவக்க நிரல் கோப்புகளை)த் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆசைப்பட்டு பென்டியம் 2ஐத் தேர்ந்தெடுத்தால் உங்கள் பிராசசர் திணறும். சாளரத்தின் தலைப்பில் வேக சதவீதம் தெரியும். அது 100க்குக் கீழே இறங்கி ஒலி விக்கத் தொடங்கினால் பென்டியம் எம்எம்எக்ஸ் 200 அளவுக்கு இறங்குங்கள்.

வேகம், சுட்டி, நேரடிக் கார்டு

எல்லாம் சரியாக இருந்தும் விர்ச்சுவல்பாக்ஸ் தவழ்ந்தால் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி, பிராசசரின் மெய்நிகர் வசதியைத் தன் கையில் வைத்திருக்கிறது. ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி மூன்றையும் அணைத்து மறுதுவக்கம் செய்ய வேண்டும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 அதோடு நின்றுவிடும். மெமரி இன்டெக்ரிட்டி உண்மையான பாதுகாப்பு என்பதால், வேலை முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

விளையாட்டில் பார்வை பம்பரமாகச் சுழன்றால் விர்ச்சுவல்பாக்ஸின் மவுஸ் இன்டெக்ரேஷனை அணைத்தால் போதும்.

கிராபிக்ஸ் கார்டையே லினக்ஸின் விஎம் வசதியான கேவிஎம் வழியாக எக்ஸ்பிக்கு ஒப்படைப்பது கடைசி வழி. புதிய கார்டை அதற்காக வாங்காதீர்கள். என்விடியாவின் எக்ஸ்பி டிரைவர் 368.81 பதிப்போடு முடிந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 960 அளவுக்குத்தான் கை எட்டும். யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறை கொண்ட விஎம்மில் எக்ஸ்பி துவங்காது என்பதால் பழைய பயாஸ் முறையிலான சீபயாஸ் தேவை. அந்தக் காலத்து ஜிஃபோர்ஸ் டிரைவர் விஎம்மை மோப்பம் பிடித்து கோட் 43 பிழையோடு நின்றுவிடும். கேவிஎம் அடையாளத்தை விஎம்மின் அமைப்பில் மறைத்த பிறகே டிரைவரை நிறுவுங்கள்.