எடை தூக்கும் பெல்ட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

குன்னூரில் எங்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு வருபவர்களில் பலர், தோளில் எடையை வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் தம் உடல் எடை அளவுக்குத் தூக்கத் தொடங்கியதுமே பெல்ட் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். சிலர் கேட்காமலேயே, மருந்துக் கடையில் விற்கும் எலாஸ்டிக் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. மருந்துக் கடைப் பட்டை, முதுகுவலி வந்தவர் மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டும் அணிவது. அது இழுத்தால் நீளும். எடை தூக்கும் பெல்ட் நீளவே கூடாது.

ஏன் நீளக் கூடாது என்பது தெரிந்தால்தான் சரியான பெல்ட்டைத் தேர்ந்தெடுக்க முடியும். கனமான எடையைத் தூக்கும் முன் வயிறு நிறைய மூச்சை இழுத்து அடக்குகிறோம். அப்போது உதரவிதானம் கீழே இறங்கி, வயிற்றுத் தசைகள் இறுகி, வயிற்றறைக்குள் அழுத்தம் கூடுகிறது. முதுகெலும்பு வளையாமல் நிற்க அந்த அழுத்தம் உள்ளிருந்து துணை செய்கிறது. பெல்ட், வயிறு வெளிப்புறமாக உந்தும்போது அதற்கு எதிரே சுவர்போல நின்று அழுத்தத்தை மேலும் கூட்டுகிறது. ஆகவே மூச்சை அடக்கித் தூக்கப் பழகாதவருக்குப் பெல்ட்டால் பெரிய பயன் இல்லை. சில மாதங்கள் பெல்ட் இல்லாமலே பயிற்சி செய்துவிட்டு வாங்குவதே நல்லது. இவ்வாறு மூச்சை அடக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பதால், உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

அளவு எடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். நானும் முதல் பெல்ட்டைப் பேன்ட் அளவான 32 அங்குலத்தை வைத்தே வாங்கினேன். கடைசித் துளைக்குக்கூட எட்டவில்லை. பேன்ட் நிற்பது இடுப்பெலும்பின் மேல். பெல்ட் நிற்பதோ தொப்புளைச் சுற்றி. தையல் டேப்பைத் தொப்புள் உயரத்தில் சுற்றி, வயிற்றை உள்ளிழுக்காமல் இயல்பாக நின்று அளக்க வேண்டும். எனக்கு அது 36 அங்குலமாக இருந்தது. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிருக்காக ஸ்வெட்டர் போட்டபடியே அளந்தால் அளவு கூடிவிடும். பயிற்சியின்போது உடல் சூடேறி ஸ்வெட்டரைக் கழற்றியதும் பெல்ட் தளர்ந்துபோகும். எந்தச் சட்டையில் எடை தூக்குவீர்களோ அதன்மேல் அளந்து, அந்த அளவு நடுத்துளையில் விழும்படியான பெல்ட்டை வாங்குங்கள். உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் இருபுறமும் துளைகள் மிச்சம் இருக்கும்.

அடுத்தது அகலம். பவர்லிஃப்டிங் போட்டிகளை நடத்தும் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐபிஎஃப், பெல்ட்டுக்கு 10 செ.மீ. அகலத்தையும் 13 மி.மீ. தடிமனையும் உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. அதற்காக எல்லோருக்கும் 10 செ.மீ. பொருந்திவிடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, உடலின் பக்கவாட்டில், விரல்களைப் படுக்கை வசமாக வைத்துப் பாருங்கள். நான்கு விரல்கள் தாராளமாக அடங்கினால் 10 செ.மீ. பெல்ட் பெரும்பாலும் உட்காரும். மூன்று விரலுக்கே இடம் போதாதென்றால், ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது பெல்ட்டின் விளிம்பு விலாவில் குத்தும்; அப்படிப்பட்டவர்களுக்கு 7.5 செ.மீ. பெல்ட்டே ஏற்றது. உயரம் குறைந்தவர்களுக்கு மட்டுமன்றி, கால் நீண்டு, இடுப்புக்கு மேல் உடல் நீளம் குறைந்த சில உயரமானவர்களுக்கும் இதே நிலைதான். முதுகுப் பக்கம் மட்டும் அகன்று, முன்னால் குறுகிவரும் பெல்ட்டை நான் பரிந்துரைப்பதில்லை. அழுத்தம் தேவைப்படும் வயிற்றுப் பக்கத்தில்தான் அது குறைவாகத் தாங்குகிறது.

தடிமனில் 10 மி.மீ. போதும். 13 மி.மீ. பெல்ட் விறைப்பு கூடியது, உடலோடு பழக வாரக்கணக்கில் ஆகும். போட்டியில் இறங்கும் கனமான வீரருக்கே அது பொருந்தும்.

கொக்கியைப் பொறுத்தவரை, ஒற்றை முள் பக்கிள் எளிது. இரட்டை முள்ளால் பிடிமானம் ஒன்றும் கூடிவிடுவதில்லை. நெம்பிப் பூட்டும் கைப்பிடி வைத்த லிவர் பெல்ட்டை நொடியில் பூட்டலாம், அவிழ்க்கலாம். ஆனால் அளவை மாற்ற வேண்டுமென்றால் பெரும்பாலானவற்றில் ஸ்க்ரூட்ரைவர் எடுத்தாக வேண்டும். மார்கழிக் காலையில் இரண்டு சட்டை, சித்திரையில் ஒன்று என்று மாற்றுகிற நமக்கு முள் பக்கிளே வசதி. வெல்க்ரோ வைத்த நைலான் பெல்ட், வேகமான அசைவுகள் கலந்த பயிற்சிக்கு நல்லது. தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் கனத்த டெட்லிஃப்டில் வெல்க்ரோ பிரிந்துகொள்ளக்கூடும்.

கடையில் பெல்ட்டின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். முழுத் தோலாக இருந்தால் ஒரே நிறமும் நார்த்தன்மையும் தெரியும். இரண்டு மெல்லிய ரெக்ஸினுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்ததாக இருந்தால், கட்டை விரலால் அழுத்தும்போது உள்ளே அமுங்கும். அதை வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். பிறகு அணிந்து, ஆழமாக மூச்சை இழுங்கள். வயிறு முன்னால் மட்டுமல்லாமல் விலாப்புறத்திலும் முதுகிலும் பெல்ட்டை உந்த வேண்டும். மூச்சே இழுக்க முடியாத அளவுக்கு இறுக்கினால் பெல்ட் தன் வேலையைச் செய்யாது.

சந்தையில் 45 கிலோ உருளைக்கிழங்கு மூட்டைகளை லாரியில் ஏற்றும் அண்ணன்களும் இந்தப் பெல்ட் தங்களுக்கு உதவுமா என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் இதை வாங்கித் தருவதில்லை. இது சில நொடிகள் மூச்சை அடக்கித் தூக்கிவிட்டு அவிழ்த்துவிடுவதற்கானது. நாள் முழுவதும் கட்டிக்கொண்டு குனிந்து நிமிர்வதற்கானது அல்ல. காயம் இல்லாத தொழிலாளரின் முதுகைப் பெல்ட் காக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமும் 1994-இல் அறிவித்தது. மூட்டையை இரண்டு பேராகத் தூக்குவதும், லாரித் தட்டின் உயரத்துக்கு ஒரு மேடை போடுவதும் அந்த முதுகுகளுக்கு அதிகம் உதவும்.

கூடத்திலும் முதல் சுற்றிலிருந்தே பெல்ட் கட்ட வேண்டாம். குளிரில் உடல் சூடேறச் சற்று நேரம் எடுக்கும். இலகுவான சுற்றுகளைப் பெல்ட் இல்லாமல் முடித்து, நீங்கள் தூக்கக்கூடிய உச்ச எடையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தாண்டும்போது கட்டுங்கள்.

மலைப் பனிமூட்டத்தில் தோலைப் பேணுவது தனி வேலை. ஆடி மாதம் முழுக்கச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட என் பெல்ட்டின் உட்புறத்தில், வியர்வை ஊறிய இடமெல்லாம் சாம்பல் பூத்தாற்போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பையில் அடைக்காமல், காற்றோட்டமான இடத்தில் சுவரில் படாமல் தொங்கவிட வேண்டும். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் பக்கத்தில் காயவைத்தால் தோல் வெடிக்கும். பக்கிளின் முள்ளிலும் லிவரின் திருகுகளிலும் துரு பிடிக்காமல் மாதம் ஒருமுறை ஒரு துளி எண்ணெய் விட்டு, வழிவதைத் தோலில் படுமுன் துடைத்துவிடுங்கள்.