நாசி கண்டார் ஊரில் இடுப்பளவைக் காப்பது எப்படி?

பினாங்கின் ஜார்ஜ்டவுன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளர்களுக்காக, காவுத்தடியின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறியையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகச் சுமந்து விற்ற உணவுதான் நாசி கண்டார். நாள் முழுவதும் முதுகு வளைத்து உழைத்தவர்களுக்கு அந்தக் குவியல் சோறும் எண்ணெய் மிதக்கும் குழம்பும் தேவையான அளவாகவே இருந்தன. தோட்டங்களில் விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போன நம் பாட்டன் பாட்டிமாரின் சாப்பாடும் அப்படிப்பட்டதே. இன்று மூட்டையைப் பாரந்தூக்கி தூக்குகிறது. தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் அமர்ந்தோ நின்ற இடத்திலேயே நின்றோ வேலை செய்கிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து கடைக்கும் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் போகிறார்கள். தட்டின் அளவோ குறையவில்லை. அதோடு இனிப்புத் தேநீரும் நள்ளிரவுச் சாப்பாடும் சேர்ந்துகொண்டன.

இதன் விளைவு மலேசியா முழுவதும் தெரிகிறது. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வுகளின்படி, 1996-இல் பெரியவர்களில் 4.4 விழுக்காட்டினர் உடல் பருமன் கொண்டவர்கள். 2023-இல் அது 21.8 விழுக்காடு. மிகை எடையையும் சேர்த்தால் 2023-இல் 54.4 விழுக்காடு, அதாவது பாதிக்கும் மேல். ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. மனவுறுதியும் திடீரென்று தளர்ந்துவிடாது. மாறியது வாழ்க்கை முறை. ஆகவே பருமனாக இருப்பவரைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று சொல்வது நியாயமும் அல்ல, பயனும் அல்ல. உள்ளூர் உணவு அனைத்தையும் ஒதுக்கிவிட்டு ஓட்ஸும் வேகவைத்த கோழியுமாக வாழச் சொல்லும் திட்டங்கள் பெரும்பாலும் அடுத்த திருமண விருந்து வரைதான் தாங்குகின்றன. பழக்கம் எந்த இடத்தில் உருவானதோ அந்த இடத்திலேயே, அதாவது கடை முகப்பிலும் சாப்பிடும் நேரத்திலும் போகும் வழியிலும் அதை மாற்றுவதே நிலைக்கும் என்பது என் கருத்து.

முதலில் அளவுநாடா

எடைத்தராசை விட அளவுநாடா முக்கியம். தெற்காசிய வம்சாவளியினருக்கு, ஒப்பீட்டளவில் ஒல்லியாகத் தெரியும்போதே வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது; தசையின் அளவும் குறைவு. மலேசிய இனங்களில் நீரிழிவு இந்தியர்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளவெடுங்கள். ஆசியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர் எல்லை. எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் எடைக் குறியீட்டெண்ணிலும் பொதுவாகச் சொல்லப்படும் 25-க்குக் காத்திருக்க வேண்டாம். ஆசியர்களுக்கு 23-லிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் எடுத்துரைத்தது. கால்சட்டையின் அளவை நம்பாதீர்கள். பல ஆண்கள் வயிற்றுக்குக் கீழே கால்சட்டையை இறக்கிப் போட்டுக்கொண்டு, பத்து ஆண்டுகளாக ஒரே அளவுதான் என்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

தேநீர்க் கடையில்

தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் தேநீர் கலக்குபவரின் கையைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர் முதலில் குவளையின் அடியில் கெட்டியான இனிப்புப் பாலைக் கரண்டியால் வழித்து விடுகிறார், அதன்மேல் துணி வடிகட்டியிலிருந்து சாயம் இறங்குகிறது, பிறகுதான் ஆற்றுதல். எனவே இனிப்பின் அளவு முதல் இரண்டு விநாடிகளிலேயே முடிவாகிவிடுகிறது. கலந்து வந்தபின் குறைக்க வழியில்லை. அந்தப் பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. தாராளமான இரண்டு கரண்டி போட்டு ஆற்றித் தரும் தே தாரிக்கை நாளைக்கு மூன்று முறை குடிப்பவர், வேறு இனிப்பு எதையும் தொடாமலேயே, சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு உலகச் சுகாதார நிறுவனம் விதித்துள்ள ஏறத்தாழ 50 கிராம் எல்லையைத் தாண்டிவிடுவார். அதில் பாதியோடு, 25 கிராமோடு, நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது என்பது அதே நிறுவனத்தின் பரிந்துரை.

ஒரே நாளில் நிறுத்த வேண்டியதில்லை. படி இறங்குவதுபோல் இறங்கலாம். முதல் இரண்டு வாரங்களுக்குத் தே தாரிக்கையே "குராங் மானிஸ்" (இனிப்புக் குறைவாக) என்று சொல்லி வாங்குங்கள். கடைக்குக் கடை கை மாறும் என்பதால், "அண்ணே, பால் ஒரு கரண்டி போதும்" என்று அளவைச் சொல்லிவிடுவது உறுதியான வழி. அண்ணனும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், அவருக்குப் பால் மிச்சம். அடுத்து, பாலில்லாமல், சீனி தனியாகப் போடப்படும் தே ஓ-வுக்கு மாறுங்கள். அங்கே பாதி சீனி கேட்பது எளிது. பால் இல்லாமல் முடியாது என்பவர்கள் இனிப்பில்லாத பாலில், சீனி போடாமல் கலக்கும் "தே சி கோசோங்" கேட்கலாம். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அதன்பின் பழைய தே தாரிக் பாயசமாகத் தோன்றும். எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், சோற்றோடு வாங்கும் தேநீரை முதலில் விடுங்கள். அந்த நேரத்தில் வெந்நீரே போதும்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள புட்டி, டின் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் கலால் வரி வந்தது. 2024-இல் அது 50 சென்னாகவும் 2025-இல் 90 சென்னாகவும் உயர்ந்தது. வரிக்கு அஞ்சியே பல பானங்களில் சர்க்கரை குறைந்தது. ஆனால் கடையில் கலக்கும் தேநீர் இந்த வரிக்குள் வராது. சிங்கப்பூரில் பானங்களுக்கு ஏ முதல் டி வரை சர்க்கரைத் தரக்குறியீடு போடும் முறை 2022 டிசம்பர் இறுதியில் புட்டிப் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கும் பானங்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. பினாங்கில் அப்படியொரு குறியீடு வரும் வரை, கரண்டியை நாமே எண்ண வேண்டியதுதான்.

சோற்றுத் தட்டில்

சுகாதார அமைச்சின் "சுக்கு சுக்கு செப்பாரோ" (கால், கால், பாதி) என்ற பரிந்துரை எளிமையானது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு வகை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நாசி கண்டார் கடையில் அதைத் தலைகீழாகப் பார்க்கிறோம்: முக்கால் தட்டு சோறு, அதன்மேல் பொரித்த கோழி, ஓரத்தில் இரண்டு வெண்டைக்காய். நாட்டில் பெரியவர்கள் 20 பேரில் 19 பேர் போதுமான காய்கறி, பழம் உண்பதில்லை என்று அமைச்சின் 2019 ஆய்வு கண்டதில் வியப்பில்லை.

கடையில் கேட்கும் வரிசையை மாற்றுங்கள். சோற்றை முதலில் கேட்டால் பரிமாறுபவர் வழக்கமான அளவில் குவித்துவிடுவார். "பாதி சோறு" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, உடனே முட்டைக்கோஸ், பாகற்காய், வெண்டைக்காய் என்று காய்கறிக்குக் கையை நீட்டுங்கள். பிறகு ஒரே ஒரு கறித்துண்டு. குழம்பைச் சோற்றில் வெள்ளமாக ஊற்றச் சொல்வதுதான் பினாங்குக் கெத்து என்றாலும், எண்ணெயும் உப்பும் அதிகம் சேர்வது அங்கேதான். தனிக் கிண்ணத்தில் வாங்கி வேண்டிய அளவு பிசைந்துகொள்ளலாம். காலையில் பசியாற, பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்குப் பதில் தோசையும் சாம்பாரும் நல்லது. இரண்டு தோசையோடு நிறுத்தினால் இன்னும் நல்லது.

வாழை இலைச் சாப்பாட்டில் சோறு கேட்கக் கேட்க வரும் என்பதால், முதல் முறை வைக்கும்போதே கையை மறித்துக் காட்ட வேண்டும். காய்கறியையும் கறியையும் முதலில் சாப்பிட்டுவிட்டு இறுதியில் சோற்றுக்கு வந்தால் உணவுக்குப்பின் இரத்தச் சர்க்கரை உயர்வது குறைகிறது என்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ரசமும் மோரும் இலையிலேயே இருப்பதால், கூடவே ரோஸ் சர்பத் வாங்க வேண்டியதில்லை. புரட்டாசியில் சைவம் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மாவில் செய்து பொரித்த போலி இறைச்சி, உருளைக்கிழங்கு வறுவல், வடை என்று ஒரு மாதம் போனால் எடை கூடத்தான் செய்யும்.

பின்னிரவுச் சாப்பாடு வேறு வகைச் சிக்கல். இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கடையில் காற்பந்து பார்த்துக்கொண்டே உண்ணும் மீ கோரெங் எனும் வறுத்த நூடுல்ஸ் பசிக்காக உண்ணப்படுவதன்று. நண்பர்களைச் சந்திக்க வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. தே ஓ கோசோங்கோடு உட்கார்ந்திருங்கள். இரவு முறை வேலை செய்பவர்கள் முதன்மை உணவை வேலைக்குக் கிளம்புமுன் உண்டு, நள்ளிரவு இடைவேளைக்கு அவித்த முட்டை, கொண்டைக்கடலை, பழம் போன்றவற்றை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது உதவும்.

நடப்பதற்கு வழி தேடுதல்

அரை மணி நேர விறுவிறு நடை ஏறத்தாழப் பாதி ரொட்டி சானாயின் சக்தியைத்தான் எரிக்கும். நடந்துவிட்டோம் என்று கூடுதலாக உண்பவருக்கு எடை குறையாது. ஆனால் நடையின் உண்மைப் பயன் எடைத்தராசில் தெரிவதன்று. நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தவர்களிடம் நடத்தி 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அவர்களின் எடையோ பெரிதாகக் குறையவில்லை. ஆய்வு நடந்தது சென்னையில் என்பதால், நமக்கு அதைவிட நெருக்கமான சான்று கிடைப்பது அரிது.

வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாள் தசைப்பயிற்சியும் உலகச் சுகாதார நிறுவனம் கூறும் குறைந்தபட்ச அளவு. நாற்பது வயதைத் தாண்டியவர்களின் இடுப்பை ஆண்டுதோறும் அளக்கும் திட்டத்தை 2008-இல் தொடங்கிய ஜப்பானில் உடல் பருமன் மிகக் குறைவு என்றால், அதற்கு நாடா மட்டும் காரணம் அல்ல. அங்கே தினமும் இரயில் நிலையத்திற்கு நடக்க வேண்டியிருக்கிறது, நடக்க நடைபாதையும் இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் மழைக்கும் வெயிலுக்கும் கூரையிட்ட ஐந்தடி நடைபாதைகளை முன்னோர் கட்டி வைத்தார்கள். இன்று அவற்றில் மோட்டார் சைக்கிளும் சரக்குப் பெட்டியும் நிற்க, நாம் சாலையில் இறங்கி நடக்கிறோம். நகராண்மைக் கழகம் இதைக் கவனித்தாலே பாதி உடற்பயிற்சிப் பிரசாரம் தேவைப்படாது.

அதுவரை, வெயிலைத் தவிர்த்து விடியற்காலையிலோ மாலை ஆறு மணிக்கு மேலோ நேரத்தை ஒதுக்குங்கள். தாவரப் பூங்காவின் உட்பாதை தொடக்கநிலையினருக்கு ஏற்றது. முழங்கால் வலி இல்லாதவர்களுக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் கால் தசைக்கும் நெஞ்சுக்கும் ஒருசேரப் பயிற்சி தரும். தைப்பூசத்தன்று மட்டும் ஏறும் அந்தப் படிகளை வாரம் ஒருமுறை ஏறினால் முருகன் கோபிக்கப் போவதில்லை. முதல் வாரத்தில் பாதி வரை ஏறி இறங்குவதே போதும். எதற்குமே நேரமில்லாதவர்கள் மதிய உணவுக்குப்பின் பத்து நிமிடமாவது நடக்கட்டும். உணவுக்குப் பிந்திய சர்க்கரையைத் தணிப்பதில் அந்தப் பத்து நிமிடம் நன்றாக வேலை செய்கிறது. தசைப்பயிற்சிக்கு உடற்பயிற்சிக் கூடம் வேண்டியதில்லை: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருதல், சுவரில் கையூன்றித் தள்ளுதல், அடுக்குமாடியில் கடைசி மூன்று மாடிகளுக்குப் படியேறுதல் ஆகியவை தொடக்கத்திற்குப் போதும்.

தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடும் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. வெறுங்காலில் பல கிலோமீட்டர் நடந்து வருபவருக்குத் தேவை தண்ணீரும் உப்பிட்ட மோரும். கூட வரும் பிள்ளைகள் ஒவ்வொரு பந்தலிலும் வண்ணச் சர்பத்தையே குடிக்கிறார்கள். 2019 ஆய்வில் 5 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 29.8 விழுக்காட்டினருக்கு எடை மிகுதியாகவோ உடல் பருமனாகவோ இருந்தது.

தொடங்கிய நாளில் எடுத்த இடுப்பளவைக் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில், காலையில் வெறும் வயிற்றில் அளந்து பாருங்கள். ஆறு மாதத்தில் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மேம்படத் தொடங்கும். இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும் என்பதால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான்; நாற்பது வயதைத் தாண்டிய, அரசின் ரொக்க உதவி பெறும் குடும்பத்தினருக்குப் பெக்கா பி40 திட்டத்தில் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை இலவசம். படியேறும்போது நெஞ்சில் அழுத்தமோ இடக்கையில் வலியோ வந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.