டீமிடம் ஐடியா கேட்கும்போது மேனேஜர்கள் சறுக்கும் இடங்கள்

"ஏதாவது ஐடியா இருந்தா சொல்லுங்கப்பா" என்று மாத மீட்டிங்கின் கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்டால் ஒன்றும் வராது. எல்லோருக்கும் பஸ் ஞாபகம். அதிலும் மேனேஜர் தன் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டு அப்புறம் கருத்து கேட்டால் "சரி சார்" மட்டும்தான் கிடைக்கும்.

கேள்வி பொதுவாக இருப்பதும் தவறு. ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங்கில் நிற்பவரிடம் "உற்பத்தியைப் பெருக்க வழி சொல்லுங்க" என்றால் முழிப்பார். அவர் மெஷினுக்கே போய், "இந்த லாட்ல தோல் ஏன் இவ்வளவு வீணாகுது?" என்று கேளுங்கள். வயிற்றுப் பக்கத் தோல் இழுக்கும், முதுகுப் பக்கம்தான் கெட்டி, ஷூவின் முன்பக்கத் துண்டை எங்கே வெட்ட வேண்டும், வெளியே தெரியாத துண்டை எதில் எடுத்தால் போதும் என்று தோலை விரித்துப் போட்டே காட்டுவார். ஷூ கம்பெனிகளில் பெண்கள்தான் அதிகம், மீட்டிங்கில் பேசுவதோ ஆண் சூப்பர்வைசர்கள். இதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, வந்த யோசனையை யாரிடம் விசாரிக்கக் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. வேலூர்க்காரர்கள் இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம், கோட்டையே இருக்கிறது. புதுத் தலைப்பாகை கட்ட வேண்டும், தாடியும் நெற்றிக் குறியும் கூடாது என்ற கிழக்கிந்திய கும்பினியின் உத்தரவுகளை எதிர்த்த சிப்பாய்களுக்கு 1806 மே மாதம் கசையடித் தண்டனை கொடுத்தார்கள். ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று ஆங்கில அதிகாரியிடம் போய்ச் சொன்னார். விசாரிக்கும் பொறுப்பைப் படையின் இந்திய அதிகாரிகளிடமே விட்டார்கள், அவர்களில் சதியில் இருந்தவர்களும் உண்டு. ஆளுக்குப் பைத்தியம் என்று சொல்லி அடைத்து வைத்தாயிற்று. ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் புரட்சி வெடித்தது. அப்புறம் சென்னை கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் பதவி இழந்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். (நியாயம் சிப்பாய்கள் பக்கம்தான், அது வேறு கதை. நான் சொல்வது கும்பினிக்காரர்கள் காதில் வாங்கிய லட்சணத்தை.)

ஸ்டிச்சிங் லைனில் ஒரு பழைய வழக்கத்தை மாற்றலாம் என்று ஒரு பெண் சொன்னால், "உங்க சூப்பர்வைசர்கிட்டயே பேசிக்கோங்கம்மா" என்று அனுப்புவதும் இதே ரகம்தான், அந்த வழக்கத்தை வைத்ததே அந்த சூப்பர்வைசர் என்றால் யோசனை அங்கேயே செத்துவிடும், சொன்னவர் மேல் ஒரு கண்ணும் விழும்.

யோசனையைத் தன் பெயரில் மேலே அனுப்புவதைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை, ஒருமுறை செய்தால் போதும், லைன் முழுக்கத் தெரிந்துவிடும். பதிலே சொல்லாமல் இருப்பதும் கிட்டத்தட்ட அதே அளவு கெடுதல். டொயோட்டாவில் 1951 முதல் ஆலோசனைத் திட்டம் இருக்கிறது, பெட்டியை மாட்டியதோடு விடாமல் எழுதியவருக்குப் பரிசுத் தொகையும் கொடுக்கிறார்கள். உங்களிடம் பணம் இல்லையா, "முடியாது, காரணம் இது" என்று ஒரு வாரத்துக்குள் நேரில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் தவறு என்றே நினைப்பதில்லை: ஒருவர் சொன்ன வழியால் மிச்சமாகும் நேரத்தை அடுத்த வாரமே டார்கெட்டில் ஏற்றிவிடுவது. யோசனை சொன்னவரைப் பக்கத்து மெஷின்காரர்கள் அதற்கப்புறம் எப்படிப் பார்ப்பார்கள், என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று கேன்டீனில் போய் உட்கார்ந்தால் தெரியும்.