பேச்சிப்பாறையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை: ஆற்றோடு இறங்கிவர ஒரு வழிகாட்டி

திருவனந்தபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்மநாபசுவாமி கோயிலையும் கோவளத்தையும் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் களியக்காவிளை வழியாகக் கன்னியாகுமரிக்கு விரைந்துவிடுகிறார்கள். நேரம் இருந்தால் தக்கலையில் இறங்கிப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். அந்தச் சாலைக்கு வடக்கே மலையடிவாரம் வரையிலும் தெற்கே கடல் வரையிலும் விரிந்துகிடக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் நாட்டுப்புறம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும் வரை இது திருவிதாங்கூரின் மண்ணாக இருந்தது; தமிழும் மலையாளமும் இங்கே ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும். இங்கே ஓடும் குழித்துறைத் தாமிரபரணியின் கரையில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில், இதை இரண்டு நாளில் எப்படிப் பார்ப்பது என்பதை எழுதுகிறேன்.

இடங்களைத் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு அங்குமிங்கும் அலைவதைவிட, தண்ணீரின் போக்கைப் பின்பற்றுவதே இந்த நாட்டுக்கு ஏற்ற முறை. மலையிலிருந்து இறங்கும் கோதையாறும் பறளியாறும் திருவட்டாற்றை அடுத்த மூவாற்றுமுகத்தில் ஒன்றாகி, குழித்துறைத் தாமிரபரணி என்ற பெயரில் தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேர்கின்றன. (திருநெல்வேலித் தாமிரபரணி வேறு, பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.) சமணர் குகை, குடைவரை, திவ்விய தேசம், அணை, தொட்டிப்பாலம் என்று இங்கே பார்க்கத்தக்கவை எல்லாம் இந்த ஆறுகளையோ இவற்றிலிருந்து பிரியும் சானல்களையோ (பாசனக் கால்வாய்களை இங்கே அப்படித்தான் சொல்வோம்) ஒட்டியே அமைந்திருக்கின்றன. மேலிருந்து கீழாக வந்தால் ஒன்று ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

தங்குவதற்கு மார்த்தாண்டம் வசதியானது. தொடுவெட்டி என்பது அதன் பழைய பெயர். வயதானவர்கள் இன்றும் சந்தையை அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து நாகர்கோவில் போகும் இரு மாநிலப் பேருந்துகளும் இங்கே நின்று செல்லும். ரயிலில் வருகிறவர்கள் குழித்துறை நிலையத்தில் இறங்க வேண்டும். உள்ளூர்ப் பேருந்துகள் குலசேகரம், திருவட்டாறு, தேங்காய்ப்பட்டணம் ஆகிய எல்லா ஊர்களுக்கும் உண்டு. ஆனாலும் முதல் நாளுக்கு மட்டும் ஆட்டோவோ காரோ பேசிக்கொள்வது நல்லது. மலைப்பக்கத்தில் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அரை நாள் வீணாகிவிடும்.

எப்போது வருவது என்பதில் கவனம் வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் நாடு இது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லுக்காக வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணையைத் திறந்து பிப்ரவரி இறுதி வரை சானல்களில் தண்ணீர் விடுவார்கள். மார்ச் முதல் மே வரை சானல்கள் வறண்டு கிடக்கும். ஜூன், ஜூலையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் ஆறு பெருகி ஓடும். ஆகவே டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரையுள்ள நாட்களையே நான் பரிந்துரைப்பேன். மழை நின்றிருக்கும், சானலில் தண்ணீரும் இருக்கும்.

முதல் நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் பேச்சிப்பாறைக்குப் புறப்பட்டுவிடுங்கள். குலசேகரம் தாண்டியதும் இருபுறமும் ரப்பர்த் தோட்டங்கள்தான். அந்த நேரத்தில் பால் வெட்டுகிறவர்கள் மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருப்பார்கள்; சாய்வாகக் கீறிய பட்டையின் வழியே வெள்ளைப்பால் மெல்ல வழிந்து சிரட்டையில் சொட்டுவதைச் சிறிது நேரம் நின்று பாருங்கள். அணை 1897 முதல் 1906 வரை, மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் கட்டப்பட்டது. கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நாஞ்சில் நாட்டின் கடைக்கோடி வயல் வரை தண்ணீரைக் கொண்டுசேர்த்தது இந்த அணை என்பதால் விவசாயிகள் அவர் பெயரை மரியாதையோடு சொல்வார்கள். அணைக்கு மேலே கோதையாறு மலைப்பகுதிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். அது இல்லாமல் முயலாதீர்கள்.

திரும்பி வரும் வழியில் திருநந்திக்கரைக் குடைவரையைப் பாருங்கள். ஊருக்குள் ஒரு பாறையைக் குடைந்து செய்த சிறிய சிவன் கோயில் அது. சுவரிலும் விதானத்திலும் பழைய ஓவியங்களின் எச்சம் அங்கங்கே மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரமாகும்; உடனே கைவிளக்கை அடிக்காமல் காத்திருந்தால் கோடுகள் தாமாகவே தெளியும். வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இங்கே உண்டு. அவற்றில் ஒன்று, முதலாம் ராஜராஜ சோழன் பிறந்த ஐப்பசி சதயத்தைக் கொண்டாடுவதற்காக முட்டம் என்னும் ஊர் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. தஞ்சையிலிருந்து இவ்வளவு தொலைவில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் அந்தப் பெயரைக் காணும்போது உண்மையிலேயே சிலிர்ப்பு ஏற்படும்.

அடுத்து திற்பரப்பு. இங்கே அருவிக்கு மேலே ஆற்றின் படுகை ஏறத்தாழ கால் கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறையாக இருக்கிறது. அருவியில் குளித்துவிட்டுத் திரும்பிவிடாமல் அதையும் பார்க்க வேண்டும். வெள்ளம் அதிகமாக இருக்கும் நாட்களில் குளிக்கத் தடை விதிப்பார்கள். அதை மீறவே கூடாது. அருவிக்கு அருகிலுள்ள மகாதேவர் கோயிலும் முன்பு சொன்ன திருநந்திக்கரையும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களில் சேர்ந்தவை. சிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை, கையில் விசிறியோடு ‘கோவிந்தா, கோபாலா’ என்று அழைத்தபடி பக்தர்கள் இந்தப் பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கும் ஓடுவார்கள். சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் திருமாலின் பெயரைச் சொல்லி ஓடுவது இந்த நாட்டின் வழக்கம். அந்த நாளில் வர முடிந்தால் இந்தக் கிராமங்களை அதைவிட நன்றாகப் பார்க்க வேறு வழி இல்லை.

மதிய உணவைக் குலசேகரத்தில் முடித்துக்கொண்டு, வெயில் தணிந்த பிறகு மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு வாருங்கள். இதைப் பாலம் என்று எண்ணி வருகிறவர்கள் முதலில் திகைப்பார்கள். பட்டணங்கால் என்ற பாசனச் சானலின் தண்ணீரை ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்குப் பறளியாற்றைத் தாண்டிக் கொண்டுசெல்லும் ஆகாயச் சானல் இது. 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல், 1966இல் கட்டி முடிக்கப்பட்டது. காமராசர் ஆட்சியில் உருவான திட்டம். மேலே ஓரமாக உள்ள நடைபாதையில் பாதி தூரம் சென்றதும் நின்றுவிடுங்கள். ஒரு பக்கம் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தென்னந்தலைகள் காலுக்குக் கீழே அசைந்துகொண்டிருக்கும். மறுபக்கம், கைக்கெட்டும் தூரத்தில், தொட்டியின் தண்ணீர் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு பழுத்த இலையைப் போட்டுப் பாருங்கள்; அது நீங்கள் நடக்கிற வேகத்துக்கு உங்களோடு கூடவே வரும். இப்படி ஒரு குன்றின் தண்ணீரை அடுத்த குன்றின் வயலுக்கு ஏந்திக்கொண்டு போனார்களே என்ற நினைப்பு, எத்தனை முறை வந்தாலும் எனக்கு அங்கே தோன்றாமல் இருந்ததில்லை. பிறகு படிகள் வழியாக ஆற்றுக்கு இறங்கி, கீழிருந்தும் ஒரு முறை அண்ணாந்து பாருங்கள். ஆற்றுப்பாறைகள் பாசி பிடித்தவை. செருப்போடு நடந்தால் வழுக்கும்.

மாலை ஐந்து மணிக்குத் திருவட்டாறு. இந்த நேரத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்த என் அத்தை குடும்பத்தை ஒரு முறை நண்பகலுக்குப் பிறகு அழைத்துப்போய், நடை சாத்தியிருந்ததால் வெளித்திண்ணையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்காரவைத்தேன். இந்தப் பக்கத்துக் கோயில்கள் எல்லாமே நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். அதற்கேற்ப நாளை அமைத்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும். வேட்டி கட்டிக்கொண்டு வருவது முறை. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கிறார். 16,008 சாளக்கிராமங்களைக் கடுசர்க்கரை என்னும் பிசின், மூலிகைக் கலவையோடு சேர்த்துச் செய்த திருமேனி என்பது மரபு. நம்மாழ்வார் பாடிய திவ்விய தேசம். திருவனந்தபுரத்தில் போலவே இங்கேயும் மூன்று வாயில்கள் வழியாகத்தான் முகமும் உந்தியும் பாதமுமாகத் தரிசிக்க வேண்டும்; ஆனால் அங்கே பெருமாள் கிழக்கு நோக்குகிறார், இங்கே மேற்கு நோக்குகிறார். அதனால் புரட்டாசியிலும் பங்குனியிலும் சில நாட்களில் சாயும் வெயில் கருவறைக்குள் நுழைந்து திருமேனியின் மேல் விழும். நானூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு 2022 ஜூலை 6 அன்று கும்பாபிஷேகம் நடந்தபோது ஊரே கண்ணீரோடு நின்றது. தரிசனம் முடிந்ததும் உடனே வெளியேறிவிடாமல் சுற்றுப்பிரகாரத்தில் ஒரு சுற்று மெதுவாக நடங்கள். தூண்தோறும் கையில் விளக்கேந்திய பாவைகள் நிற்கிறார்கள். கொண்டையும் அணிகலனும் தூணுக்குத் தூண் மாறுவதை உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஒற்றைக்கல் மண்டபத்தையும் விட்டுவிடாதீர்கள். திருவனந்தபுரத்தின் கூட்டத்தில் நகர்ந்துகொண்டே பார்த்ததை இங்கே நின்று பார்க்கலாம். எனக்கு எப்போதும் திருவட்டாறே நெருக்கமானது.

இரண்டாம் நாள் காலையில் சிதறால் மலையிலுள்ள சமணர் குகை. மார்த்தாண்டத்திலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர். கல் பாவிய பாதையில் கால் மணி நேரம் ஏற வேண்டும். முந்திரி மரங்களின் நிழல் உண்டு என்றாலும் எட்டு மணிக்கு முன்பே ஏறிவிடுவது நல்லது. தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். திருச்சாரணத்து மலை என்று கல்வெட்டுகள் சொல்வது இந்த இடத்தைத்தான். உச்சியில், இரண்டு பாறைகளுக்கு இடையே உள்ள குறுகிய இடைவழியைக் கடந்ததும், தொங்கிநிற்கும் பெரும்பாறையின் முகத்தில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். படமெடுத்த நாகத்தின் கீழ் பார்சுவநாதர் நிற்கிறார்; சிங்கத்தோடும் குழந்தைகளோடும் அம்பிகை இருக்கிறாள். 9ஆம் நூற்றாண்டின் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் ஒரு பெண் துறவி இங்கே பொன்னணி அளித்ததைக் கல்வெட்டு பதிவுசெய்கிறது. அப்படிப்பட்ட பெண்களைக் குரத்திகள் என்பார்கள். பிற்காலத்தில் இது பகவதி கோயிலாகி, இன்றும் வழிபாடு நடக்கிறது. ஆகையால் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். பாறையின் மேலிருந்து பார்த்தால் நேற்று நீங்கள் தொடர்ந்துவந்த ஆறு தென்னைகளுக்கிடையே வளைந்து போவது தெரியும்.

கீழே இறங்கிவந்து குழித்துறை ஆற்றுப்பாலத்தருகே சற்று நிற்கலாம். ஆடி அமாவாசையன்று முன்னோருக்குப் பலிதர்ப்பணம் செய்ய மக்கள் திரளும் இடம் இது. அதை ஒட்டி நடக்கும் வாவுபலிப் பொருட்காட்சியில்தான் இந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பலாவும் மாவும் ரோஜாவும் கன்றுகளாக வரும். சந்தையில் மட்டிப்பழம் கேட்டு வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற, விரல் அளவு மணக்கும் பழம். மதியத்துக்கு மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் கிடைக்கும் சிறிய கடையைத் தேடிப் போங்கள்.

மூன்றாம் நாளும் கையில் இருந்தால் தக்கலைப் பக்கம் போகலாம். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசு பராமரிக்கும் பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அருகே உதயகிரிக் கோட்டையில், 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்டுப் பின்னர் அவருடைய படைத்தலைவராகவே உயர்ந்த டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாயின் கல்லறை இருக்கிறது. அதன் மேல் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாளின் பிற்பகலைக் கடலோரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பட்டணத்துக்குப் போகும் வழியில் ஏ.வி.எம். சானலைத் தேடிப் பாருங்கள். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்க 1860இல் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் அது. பூவாற்றுப் பக்கமிருந்து குளச்சல், மண்டைக்காடு வரை வந்ததோடு வேலை நின்றுவிட்டது. இன்று பெரும்பகுதி தூர்ந்து, ஆகாயத்தாமரை மூடி, சில இடங்களில் வீடுகளுக்கு நடுவே சாக்கடையாக ஒடுங்கிக் கிடக்கிறது. இது எனக்குத் தீராத வருத்தம். இரயுமன்துறைப் பக்கம் ஒரு மூதாட்டியிடம் வழி கேட்டபோது, “மக்களே, நீ நிக்கிய எடத்துலதான் வள்ளம் கெட்டுவாவ” என்று காலடியைக் காட்டினார். அங்கே புல்லும் ஒரு கருங்கல் படியின் விளிம்பும் மட்டுமே இருந்தன. நீங்களும் கரையோரத்து முதியவர்களிடம் கேளுங்கள். பலகையோ வழிகாட்டியோ இல்லாத இந்தக் கால்வாயை அவர்கள் சொல்லித்தான் கண்டுபிடிக்க முடியும்.

கடைசியாகப் பொழிமுகம். மலையில் பார்த்த தண்ணீர் இங்கே அகன்று, நிறம் மாறி, மணல்திட்டைத் தாண்டிக் கடலில் கலக்கிறது. ஆறும் கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் எப்படித் திரும்பும் என்று சொல்ல முடியாது. உள்ளூர் மீனவர்களே கவனித்துத்தான் இறங்குகிறார்கள், ஆகவே முழங்கால் அளவுக்குக்கூட இறங்க வேண்டாம். வலை காயப்போட்டிருக்கும் இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போய், கரையில் உட்கார இடம் பிடித்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டத்துக்குத் திரும்பும் பேருந்து நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொண்டால், இருட்டும் வரை அங்கே நிம்மதியாக இருக்கலாம்.