சகோதர நகர உறவு: எல் சால்வடோர் கிராமங்களோடு கைகோக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள மேடிசன் நகரமும், மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரின் வடக்கு எல்லையில் இருக்கும் ஆர்க்கடாவோ என்ற சிற்றூரும் 1986இல் சகோதர ஊர்கள் ஆயின. அடுத்த ஆண்டே மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரம் சான் ஹொசே லாஸ் ஃப்ளோரெஸ் கிராமத்தோடு சேர்ந்தது. இரண்டு மேயர்கள் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்ளும் வகை உறவல்ல இது. எல் சால்வடோரில் அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது.

1980 மே 14 அன்று, பக்கத்து நாடான ஹோண்டுராஸுக்குத் தப்பிச் செல்ல எல்லையில் ஓடும் சும்புல் ஆற்றங்கரையில் திரண்டிருந்த கிராம மக்களில் குறைந்தது 300 பேரை ராணுவமும் அதன் துணைப்படைகளும் கொன்றதாக ஐ.நா. உண்மை ஆணையம் பதிவு செய்திருக்கிறது. எல்லை தாண்டியவர்களில் பல்லாயிரம் பேர் ஹோண்டுராஸின் மெசா கிராந்தே முகாமில் வருடக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். போர் முடிந்தது 1992இல்தான். ஆனால் 1987 அக்டோபரிலேயே சுமார் 4,000 பேர் கூட்டமாக ஊர் திரும்பிவிட்டார்கள். அப்படித் திரும்பியவர்கள் வெளிநாட்டு ஊர்களிடம் கேட்டதில் முதலாவது பணம் அல்ல, சாட்சி. ஊரில் யாரையாவது ராணுவம் பிடித்துக்கொண்டு போனால், வெளிநாட்டிலிருந்து தந்தியும் தொலைபேசி அழைப்பும் படைமுகாமுக்குப் போக வேண்டும். உலகம் பார்க்கிறது என்று தெரிந்தால் கை வைக்க யோசிப்பார்கள் என்பதே கணக்கு.

இந்தப் பிறப்பை மறந்துவிட்டு இதை ஒரு தர்ம காரியமாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

திட்டத்தை இங்கேயே முடிவு செய்துவிட்டு அங்கே போவது அப்படி ஒன்று. இந்த ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழு உண்டு, ஊர்க்கூட்டம் உண்டு. அகதி முகாமிலேயே பள்ளிக்கூடம், தையற்கூடம், சமையல் என்று எல்லாவற்றையும் குழு போட்டு நடத்திப் பழகியவர்கள் அவர்கள். அவர்களிடம் போய் உங்களுக்கு நூலகம் கட்டித் தருகிறோம் என்றால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். தேவை தண்ணீர்க் குழாயாக இருந்திருக்கும். தண்ணீர்த் திட்டமே ஆனாலும், மோட்டார் பழுதானால் உதிரிபாகம் பக்கத்து டவுனில் கிடைக்குமா, மின்கட்டணத்தை மாதாமாதம் யார் கட்டுவது என்று பேசாமல் குழி தோண்டக் கூடாது.

தனித்தனிக் குடும்பங்களுக்குப் பணம் அனுப்புவதும் வேண்டாம். சேர்ந்தே ஓடி, சேர்ந்தே திரும்பிய ஊரில் ஒரு வீட்டுக்கு மட்டும் டாலர் வந்தால் பக்கத்து வீட்டு அடுப்பு வரை புகைச்சல் போகும். படிப்பு உதவித்தொகையாக இருந்தாலும் யாருக்கு என்பதை ஊர்க்குழுவே முடிவு செய்யட்டும்.

அடுத்தது, பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது. எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். மே மாதம் மழை இறங்கியதும் மக்காச்சோளம் விதைக்கும் வேலை. அந்த நேரத்தில் பத்துப் பேர் போய் இறங்கி, நாளெல்லாம் கூட்டம் வையுங்கள் என்றால் எப்படி? அதைவிடப் பெரிய கொடுமை, படுகொலையில் தப்பிய பாட்டிமாரை வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லவைப்பது. மடியில் வைத்திருந்த குழந்தையை ஆற்றில் இழந்தவர் அதை எத்தனை முறைதான் சொல்வார்? சும்புல் கரையில் படுகொலை நடந்த இடமான லாஸ் அராதாஸில் ஆண்டுதோறும் மே மாதம் நினைவுநாள் நடக்கிறது. அங்கே அவர்கள் தாங்களாக எழுந்து பேசுகிறார்கள். அன்று போய் உட்கார்ந்து கேளுங்கள். மற்ற நாட்களில் பாட்டி சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் இரண்டு தட்டுங்கள், அது போதும்.

படங்களையும் பெயர்களையும் சமூக வலைத்தளத்தில் போடுவதில் இப்போது இன்னும் கவனம் தேவை. 2022 மார்ச் முதல் அங்கே நெருக்கடி நிலை நீடிக்கிறது. 80,000க்கும் மேற்பட்டோர் கைதாகியிருக்கிறார்கள். கனிமச் சுரங்கத்தை எதிர்த்துப் போராடிய சாந்தா மார்த்தா பகுதித் தலைவர்கள் ஐந்து பேர் 2023 ஜனவரியில் கைது செய்யப்பட்டார்கள். 2024 அக்டோபரில் நீதிமன்றம் விடுவித்தும், மறுவிசாரணை என்று வழக்கு மீண்டும் இழுபட்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, 2017இல் மக்கள் போராடி வாங்கிய உலோகச் சுரங்கத் தடைச் சட்டமும் நீக்கப்பட்டது. இந்த நிலையில் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அறிக்கை விடும் முன் குடும்பத்தாரையும் வழக்கறிஞரையும் கேளுங்கள். எந்த வரி அவர்களைக் காக்கும், எந்த வரி மாட்டிவிடும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

மேயர் அலுவலகத்தோடு மட்டும் ஒப்பந்தம் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. 2024 மே மாதம் எல் சால்வடோரின் 262 நகராட்சிகள் 44 ஆகச் சுருக்கப்பட்டன. ஆர்க்கடாவோ இன்று தெற்கு சலத்தெனாங்கோ நகராட்சியின் ஒரு பகுதி மட்டுமே. அதற்கென்று தனி மேயர் கிடையாது. உறவு ஊர் மக்களின் அமைப்போடு இருந்தால்தான் இப்படிப்பட்ட மாற்றங்களில் அறுந்துபோகாது. பணம் அனுப்பும் வழியையும் இப்போது புதிதாக யோசிக்க வேண்டும். 2025 மே மாதம் வந்த வெளிநாட்டு முகவர் சட்டம், வெளிநாட்டு முகவர் எனக் கருதப்படும் அமைப்புகளுக்கு வெளியிலிருந்து வரும் நிதிக்கு 30 சதவீத வரி விதிக்கிறது. பழைய பழக்கத்தில் அனுப்பிவைத்தால் சிக்கலில் மாட்டுவது உள்ளூர் அமைப்புதான். அனுப்பும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, எல்லா வேலையையும் அந்தக் கிராமத்திலேயே தேடுவது. போர்க்காலத்தில் எல் சால்வடோர் அரசுக்கு அமெரிக்கா கொடுத்த உதவி, உச்சத்தில் நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதனால்தான் அன்றைய குழுக்கள் பாதி உழைப்பைத் தங்கள் ஊரிலேயே செலவிட்டன: நகரமன்றத் தீர்மானம், தேவாலயக் கூட்டம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் அலுவலக வாசல். இன்று நாடு கடத்தலுக்கும் ராணுவ உதவிக்கும் முடிவெடுப்பது வாஷிங்டன்தான். அந்த வாசலுக்கு மேடிசன்காரர் பேருந்து பிடித்துப் போய் நிற்கலாம். ஆர்க்கடாவோக்காரருக்கு விசா கிடைப்பதே கடினம்.