ஒரே பெயரில் இரண்டு கிராபிக்ஸ் கார்டா? பெருக்கிப் பாருங்கள்

ஒரே பெயரில் வரும் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளில் எது வேகம் என்று பார்க்க, மெமரி பஸ் (மெமரிக்கும் கார்டின் சிப்புக்கும் நடுவே டேட்டா போகும் பாதை) எத்தனை பிட் என்பதை மெமரி வேகத்தால் (ஜிபிபிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை கிகாபிட்) பெருக்கி, பிட்டை பைட்டாக்க 8-ஆல் வகுங்கள். வருவதுதான் நொடிக்கு எத்தனை ஜிபி டேட்டா சிப்புக்குப் போகும் என்ற கணக்கு. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கமோ வண்ணார்பேட்டையிலோ கடையில் நிற்கும்போதே, காசு கொடுப்பதற்கு முன் போனில் போட்டுப் பார்த்துவிடலாம்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு இரண்டு விதமாக வந்தது. 12 ஜிபி கார்டுக்கு 192 பிட், 8 ஜிபி கார்டுக்கு 128 பிட். வேகம் இரண்டுக்கும் 15 ஜிபிபிஎஸ். கணக்குப் போட்டால் நொடிக்கு 360 ஜிபி, 240 ஜிபி. கணக்கிடும் கோர்களின் எண்ணிக்கை இரண்டிலும் 3584-தான், ஆனால் 8 ஜிபி கார்டில் டேட்டா வந்து சேராமல் கோர்கள் காத்துக் கிடக்கும். ஜிடி 1030 கார்டில் நிலைமை இன்னும் மோசம்: ஜிடிடிஆர்5 வகை மெமரி இருந்தால் 48, டிடிஆர்4 வகை இருந்தால் வெறும் 16.8. விலை குறைவு என்று டிடிஆர்4 கார்டைத் தந்தால் கேம் ஆட வாங்கவே வாங்காதீர்கள். பழைய கார்டு வாங்குபவர்கள் எந்த வகை மெமரி என்று கட்டாயம் கேளுங்கள்.

வேறு வேறு தலைமுறைக் கார்டுகளுக்கு இந்தக் கணக்கு சரிவராது. ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 272-தான் வரும், ஆனாலும் பெரும்பாலான கேம்களில் 12 ஜிபி 3060-ஐ முந்திவிடும். அதில் எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான மெமரி) 24 எம்பி இருப்பதால் வெளியே இருக்கும் மெமரியை அடிக்கடி தொட வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கார்டுகளுக்கு, நீங்கள் ஆடும் கேமின் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) சோதனையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.