லினக்ஸில் கேம்: நம்மாட்கள் சறுக்கும் இடங்கள்

"மாமா, விண்டோஸை அழிச்சுட்டு லினக்ஸ் போட்டுட்டேன். இனி வாலரன்ட் கேமை எப்படி ஏத்துறது?"

அம்பாசமுத்திரத்திலிருந்து அக்கா மகன். "ஏத்த முடியாதுலே" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்த பிறகு இந்த மாதிரி போன்கள் கூடிவிட்டன. பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்கக் கையில் காசு இல்லை, லினக்ஸோ இலவசம். யோசனை நல்லதுதான். 2018-ல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்ற தன் கேம் கடைக்குள், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானைக் கொண்டுவந்ததிலிருந்து, விண்டோஸுக்கென்று எழுதிய கேம்களில் பெரும்பகுதி லினக்ஸில் சாதாரணமாக இன்ஸ்டால் ஆகி ஓடுகிறது. ஓடாமல் நின்ற வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால், பாதிக்கு மேல் விண்டோஸில் பழகிய கை செய்த வேலையாகவே இருக்கிறது. பாளையங்கோட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் அவிழ்த்த சிக்கல்கள் இவை.

அழித்த பிறகு கேட்பது

வாலரன்ட்டின் வான்கார்டு, ஆட்டத்தில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்க விண்டோஸின் அடித்தளமான கெர்னலுக்குள்ளேயே இறங்கி உட்காரும் காவல்காரன். விண்டோஸ் கெர்னலே இல்லாத இடத்தில் அது எங்கே போய் உட்காரும்? ஃபோர்ட்நைட், பப்ஜி, ரெயின்போ சிக்ஸ் சீஜ் எல்லாமும் லினக்ஸில் ஓடாது, அங்கும் தடுப்பது இப்படிப்பட்ட காவல்காரன்தான்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு இரண்டு காவல்காரர்களும் 2021 முதல் புரோட்டானோடு ஒத்துப்போகும். ஆனால் கேமை உருவாக்கியவர்கள் தங்கள் பக்கம் அதைத் திறந்துவிட வேண்டும். அதனால் ஒரே பூட்டுதான், ஒரு வீட்டில் திறந்திருக்கும், அடுத்த வீட்டில் சாத்தியிருக்கும். திறந்திருந்த கதவும் மூடலாம். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் 31-ல் நிறுத்திவிட்டார்கள். அதே வருடம் செப்டம்பரில் ஜிடிஏ 5-க்கு பேட்டில்ஐ வந்தது, லினக்ஸில் ஆன்லைன் போச்சு, கதைப் பகுதி மட்டும் மிச்சம்.

ஆகவே டிஸ்க்கைத் தொடுவதற்கு முன், நீங்கள் உண்மையாகவே ஆடும் ஐந்தாறு கேம்களை ஒரு தாளில் எழுதி, எந்தக் கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆடுகிறவர்களே எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பாருங்கள். ஆன்லைன் கேம் என்றால் 'ஆர் வி ஆன்டி-சீட் யெட்' என்ற தளத்தையும் பாருங்கள். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டுக்கும் நேரடி லினக்ஸ் பதிப்பே இருக்கிறது. தனியாள் கதை கேம்கள் என்றால் கவலை குறைவு. வாலரன்ட் இல்லாமல் தூக்கம் வராது என்றால் தனி எஸ்எஸ்டியில் விண்டோஸை விட்டு வையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சேவ் ஃபைல்களையும் மறக்க வேண்டாம். கிளவுட் சேவ் இல்லாத கேமின் சேவ், விண்டோஸை அழித்தால் அதோடு போய்விடும்.

கார்டின் வயதைக் கேட்காமல் வாங்குவது

செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கினால் என்விடியாவின் ஜிடி 710, ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டுகள் அடிக்கடி கூட வரும். "4 ஜிபி கார்டு தம்பி, எல்லா கேமும் பறக்கும்" என்று எனக்கே ஒரு கடையில் சொல்லி விற்றிருக்கிறார்கள். மெமரி 4 ஜிபி என்பது உண்மை, பறப்பதுதான் பொய்.

புரோட்டான் செய்வது ஒரு மொழிபெயர்ப்பு வேலை. கேம் பேசும் டைரக்ட்எக்ஸை வல்கன் என்ற மொழிக்கு மாற்றுகிறது. பழைய டைரக்ட்எக்ஸ் கேம்களுக்கு டிஎக்ஸ்விகே, டைரக்ட்எக்ஸ் 12-க்கு விகேடி3டி-புரோட்டான். மாற்றித் தந்தாலும் கார்டுக்கு அந்த மொழி புரிய வேண்டுமே. புரோட்டான் 8-லிருந்து வல்கன் 1.3 கட்டாயம். ஜிடி 710 போன்ற கெப்ளர் காலத்துக் கார்டுகளுக்கு என்விடியாவின் 470 வரிசை டிரைவரே கடைசி, அது வல்கன் 1.2-ஓடு நின்றுவிடும். ஜிடி 730-ல் இன்னும் பழைய ஃபெர்மி சிப் வைத்த கார்டுகளும் உண்டு, அவற்றுக்கு வல்கனே கிடையாது. ஆபீஸ்களில் கழித்துவிட்ட நான்காம் தலைமுறை இன்டெல் கம்ப்யூட்டர்களிலும் வல்கன் அரைகுறைதான்.

கெப்ளர் கார்டு ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். ஸ்டீமில் கேமின் பிராப்பர்ட்டிஸில் 'கம்பாட்டிபிலிட்டி' பகுதிக்குப் போய் புரோட்டான் 7 அல்லது அதற்கும் பழையதைத் தேர்ந்தெடுத்தால் பழைய கேம்கள் நிறைய ஓடும். ஜிடிஎக்ஸ் 1050, 1060 வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: அந்தத் தலைமுறைக்கு 580 வரிசை டிரைவரோடு முடிகிறது. புதிய வரிசைக்குத் தாவ வேண்டாம்.

டிரைவர் விஷயத்திலேயே இன்னொரு பழக்கம். விண்டோஸில் செய்தது போல நேராக என்விடியா தளத்துக்குப் போய் இன்ஸ்டாலரை இறக்கி ஓட்டுகிறார்கள். அன்றைக்கு வேலை செய்யும். அடுத்த கெர்னல் அப்டேட் வந்த மறுநாள் காலையில் கறுப்புத் திரை. லினக்ஸிலேயே பல வகை உண்டு. மின்ட் வகை என்றால் 'டிரைவர் மேனேஜர்', உபுண்டு என்றால் 'அடிஷனல் டிரைவர்ஸ்', அங்கிருந்துதான் போட வேண்டும். கையெழுத்தில்லாத டிரைவரைத் தடுக்கும் 'செக்யூர் பூட்' ஆனில் இருந்தால் அடுத்த முறை பூட் ஆகும்போது நீலத் திரை ஒன்று வந்து பாஸ்வேர்டு கேட்கும். பயந்துபோய் அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் லோட் ஆகாது, நீங்களும் 'லினக்ஸ் ஸ்லோ' என்று ஊருக்குள் சொல்லித் திரிவீர்கள். ஏஎம்டி கார்டுக்கு எதையும் தேடிப் போட வேண்டியதில்லை, டிரைவர் கூடவே வருகிறது.

பழைய டி டிரைவை அப்படியே வைத்துக்கொள்வது

நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். விண்டோஸ் காலத்து டி டிரைவில் 300 ஜிபி கேம் கிடக்கிறது. திரும்ப டவுன்லோட் பண்ண யாருக்கு மனசு வரும்? களக்காட்டுப் பக்கம் ஒரு வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட்தான் நெட்டே, ஒரு நாளுக்கு 1.5 ஜிபி. அந்த வேதனை புரிகிறது. அதனால் விண்டோஸ் ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கும் அந்த டிரைவையே ஸ்டீம் லைப்ரரியாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

சில கேம் திறக்கும், சிலது 'பிளே' அழுத்தியதும் ஒரு நொடி காட்டிவிட்டு மறையும். காரணம் இது. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பொய் விண்டோஸ் வீடு கட்டுகிறது. அதில் 'சி' என்ற எழுத்தோடு முக்காற்புள்ளி (:) சேர்ந்த பெயர்கள் உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் விதிப்படி முக்காற்புள்ளி ஃபைல் பெயரில் வரக்கூடாது. அதில்தான் தடுமாற்றம். போதாததற்கு, விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால் ஷட் டவுன் செய்தும் அது முழுசாக மூடாது. லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது.

வழி இருக்கிறது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபார்மட்டில் ஒரு பார்ட்டிஷன் போட்டு, அதை ஸ்டீம் லைப்ரரியாகச் சேர்த்து, கேம் ஃபோல்டர்களை அதன் steamapps/common ஃபோல்டருக்குள் காப்பி செய்து, ஸ்டீமில் 'இன்ஸ்டால்' கொடுங்கள். இருக்கிற ஃபைல்களைச் சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். டேட்டாவும் மிஞ்சும்.

ஸ்டீமை எங்கிருந்து போடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். உபுண்டுவின் ஆப் சென்டரில் கிடைப்பது ஸ்னாப் என்ற தனிப் பொதி வகைப் பதிப்பு. வால்வ் தளத்தின் டெப் பேக்கேஜ் அதைவிட நம்பகமானது. ஃபிளாட்பேக் என்ற இன்னொரு பொதி வகையும் மோசமில்லை, ஆனால் வேறு டிரைவைப் பார்க்க அதற்குத் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். கொடுக்காமல் 'டிரைவையே காணோம்' என்று தேடுகிறவர்கள் உண்டு.

கன்ட்ரோலர்

முதலில் கேபிள். போன் சார்ஜர் கேபிள்கள் சிலவற்றில் கரண்ட் மட்டுமே போகும், டேட்டா போகாது. லைட் எரிகிறது, கேமில் அசைவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அரை மணி நேரம் டெர்மினலில் கட்டளை தட்டிவிட்டு இதைக் கண்டுபிடித்த வெட்கம் எனக்கே உண்டு.

மலிவு கன்ட்ரோலர்களில் எக்ஸ்-இன்புட், டி-இன்புட் என்று இரண்டு மோட் இருக்கும். பெரும்பாலும் நடு பட்டனை அழுத்திப் பிடித்தால் மாறும். எக்ஸ்-இன்புட்டில் வையுங்கள். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை குதிக்கிறது என்றால், ஸ்டீமுக்குள் கன்ட்ரோலரைக் கவனிக்கும் 'ஸ்டீம் இன்புட்'டும் கேமும் ஒரே கன்ட்ரோலரைத் தனித்தனியாகப் படிக்கின்றன. அந்தக் கேமுக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை அணைத்துவிட்டால் தீர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் புளூடூத்தில் விட்டு விட்டுத் தொடர்பு அறுந்தால், ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகி ஃபர்ம்வேரை அப்டேட் பண்ணிவிட்டு வாருங்கள்.

கையில் பிடிக்கும் கருவி

மச்சான் துபாயிலிருந்து வரும்போது வால்வின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக் கொண்டுவந்தார். மே மாதம், மத்தியானம் இரண்டு மணி, மெத்தை மேல் வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார். பத்தே நிமிடத்தில் ஃபேன் மாவு மில் மாதிரி அலற, கேம் தத்தித் தத்தி நகர்கிறது. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைதான் அதற்கு உகந்தது என்று வால்வே சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் போனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். கத்திரி வெயிலில் நம் வீட்டுக்குள் 35 என்பது குளிர்ச்சி! மெத்தையில் வைத்தால் பின்பக்கக் காற்று வழியும் அடைபடும். கையில் தூக்கிப் பிடித்து, ஃபேனுக்கு நேரே உட்கார்ந்து, ஃபிரேம் வேகத்தை 40-ல் கட்டுங்கள். திரையின் ஹெர்ட்ஸும் அதற்கேற்ப இறங்க வேண்டும், அப்போதுதான் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். சூடும் குறையும், பேட்டரியும் நிற்கும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் மெமரி கார்டில் வந்தது. டெக் கார்டை ஈஎக்ஸ்டி4-ல் ஃபார்மட் செய்கிறது. போட்டோ காப்பி பண்ணலாமென்று மச்சான் அதை விண்டோஸ் லேப்டாப்பில் செருகினார். 'இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டுமா?' என்று கேட்டது. பழக்கதோஷம், 'ஓகே'. மூன்று நாள் டவுன்லோட் செய்தது எல்லாம் போச்சு.

சார்ஜர் 45 வாட் பவர் டெலிவரி வகை வேண்டும். சில போன் சார்ஜர்களில் 65, 80 என்று போட்டிருந்தாலும் அது அந்தக் கம்பெனி போனுக்கு மட்டுமான வேகம், டெக்குக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கும். இன்னொன்று, டெக்கில் ஓடும் லினக்ஸான ஸ்டீம்ஓஎஸ்ஸின் சிஸ்டம் பகுதி பூட்டப்பட்டது. பூட்டை உடைத்துப் போட்ட சாஃப்ட்வேர் அடுத்த அப்டேட்டில் மறைந்துவிடும். அதிலுள்ள 'டிஸ்கவர்' ஆப் கடை வழியாக ஃபிளாட்பேக் போட்டால் நிலைக்கும். டிவியில் மாட்டி ஆடும்போது படம் மங்கலாக இருந்தால் டிவியைத் திட்டாதீர்கள், கேம் இன்னும் டெக்கின் 1280க்கு 800-லேயே ஓடுகிறது. அந்தக் கேமின் பிராப்பர்ட்டிஸில் ரெசல்யூஷனை மாற்ற வேண்டும்.

திரை

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி ஆறு மாதமாக 60-லேயே ஆடியவரை எனக்குத் தெரியும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் போய் நாமே மாற்ற வேண்டும். பட்டியலில் 144 வரவே இல்லையென்றால், பெரும்பாலும் பழைய எச்டிஎம்ஐ போர்ட்டோ கேபிளோதான் காரணம். டிஸ்ப்ளே போர்ட் கேபிளுக்கு மாறுங்கள்.

இரண்டு மானிட்டர் வைத்து, ஒன்று 144, ஒன்று 60 என்றால் திரையில் படம் வரையும் பழைய முறையான எக்ஸ்11-ஐ விட்டுப் புதிய முறையான வேலண்டுக்குப் போவது நல்லது. கேமின் வேகத்துக்கேற்பத் திரையின் ஹெர்ட்ஸை மாற்றும் ஃபிரீசிங்க் மாதிரியான வசதி எக்ஸ்11-ல் இரண்டு திரையோடு ஒழுங்காக வராது. டெஸ்க்டாப் எழுத்தை 125 சதவீதம் பெரிதாக்கியிருந்தால், சில கேம்கள் திரையே சின்னது என்று நினைத்து மங்கலாக வரையும். கேடிஇ என்ற டெஸ்க்டாப்பில் பழைய ஆப்கள் தாங்களே அளவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதை வையுங்கள்.

அக்கா மகன் இப்போது 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றில் வாலரன்ட்டுக்காக மட்டும் விண்டோஸ் வைத்திருக்கிறான். மற்றதெல்லாம் மின்ட்டில் ஆடுகிறான். போன வாரம் 144 வரவில்லை என்று கேட்டு என் டிஸ்ப்ளே போர்ட் கேபிளை வாங்கிக்கொண்டு போனான். வேலை செய்கிறதாம். கேபிள்தான் இன்னும் திரும்பி வரவில்லை.